கடைசி நாற்காலியின் முறை

ஞாயிற்றுக்கிழமைகளில் திருவாரூரில் நண்பர் வீட்டு மாடியில் கூடுவோம். பகடை உருட்டி, வீரர்களாகவும் மந்திரவாதிகளாகவும் நடித்து, வாராவாரம் தொடரும் ஒரு கதையை விளையாடுவோம்; குகையிலுள்ள அரக்கர்கள் எல்லாரும் செத்தால் கதை முடியும். உட்கார்ந்த வரிசையில்தான் முறை வரும். வாய்க்காலின் தலைமடையில் நிலம் வைத்திருப்பவர் முதல் நாற்காலியை யாருக்கும் விட்டதில்லை. கடைமடைக்காரனான எனக்குக் கடைசி நாற்காலி. என் முறை வருவதற்குள் அவர் அரக்கனைக் கொன்றுவிட்டு டீ குடித்துக்கொண்டிருப்பார்.

திருத்திய விதிப்புத்தகம் வந்தது. இனி பகடையில் அதிகம் விழுந்தவருக்கே முதல் முறையாம்.

"பழைய விதியில என்னங்க குறை? எல்லாருக்கும்தான் வருதே!" என்றார் அவர்.

எங்கள் வயலுக்கு வராத தண்ணீரைப் பற்றியும் இதையேதான் சொல்வார்.

வாரக்கணக்கில் வாதாடியபின் பெருந்தன்மையாக இறங்கிவந்தார். "புது விதியே இருக்கட்டுங்க. நடக்கிற கதை மட்டும் முடியட்டும்." கைதட்டினோம்.

அன்றிலிருந்து அவருடைய வீரன் ஒரு அரக்கனையும் கொல்லாமல், குகையில் கல் கல்லாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.