தொண்டி நாற்காலி

நாற்காலி வருவதற்கு முன்பு சங்கையா பார்த்ததெல்லாம் குத்தவைத்துப் பார்த்த தொழில்தான். சக்குபள்ளத்தைச் சுற்றியிருந்த ஏலத்தோட்டத்துக் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார். காட்டின இடத்தில் குந்தி, எதிரே குந்தியிருப்பவனுக்குச் சவரம் செய்வார். கங்காணி ஆறுமுகசாமி மட்டும் குந்த மாட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து தாடையைத் தூக்கிக் காட்டுவார். "ஏலே, வெரசாப் பாருல" என்பார். வயசில் சங்கையாதான் மூத்தவர். அதைப் பற்றிக் கங்காணிக்கு என்ன கவலை!

அதனால்தான் மூங்கில்மேடு பஜாரில் ஒரு அறையைப் பிடித்து, கம்பத்தில் ஆசாரியிடம் சொல்லிச் செய்த தேக்கு நாற்காலியைப் பஸ் மேலே ஏற்றிக் கொண்டுவந்து போட்டபோது, மனுஷருக்குக் கால் தரையில் பாவவில்லை. தலை சாய்க்க ஏற்றி இறக்கும் பலகை, கை வைக்கச் சட்டம். இனி எந்தக் கொம்பனுக்கும் அவர் குந்த வேண்டாம். கொம்பன்தான் வந்து தலையைச் சாய்க்க வேண்டும். கங்காணியே வந்து சாய்த்தார். 'ஏலே' போய் 'என்னப்பா சங்கையா' வந்தது.

எழுபத்தைந்தாம் வருஷத்து மழைக்காலத்தில் ஒருநாள், கடைக்குள் வைத்து, சவரத்துக்கு வந்த இன்னாசிராஜ் என்ற வாடிக்கைக்காரனுக்கும் ஒரு லாரிக்காரனுக்கும் சீட்டாட்டச் சண்டை. பாதி சவரத்தில் இருந்த இன்னாசிராஜின் மண்டையில் லாரிக்காரன் சோடா பாட்டிலால் ஒன்று போட்டான். நாற்காலியெல்லாம் ரத்தம். போலீஸ் வந்தபோது அடித்தவன் மலையிறங்கிவிட்டான். பாட்டிலும் அகப்படவில்லை. வெறுங்கையோடு திரும்பினால் சர்க்கார் மரியாதை என்னாவது? நாலு கால் இருந்தும் ஓடத் தெரியாமல் நின்ற நாற்காலியைப் பிடித்தார்கள்.

"இது தொண்டி. கேஸுக்கு வேணும்" என்றார் மலையாளத்து எஸ்.ஐ. சாட்சிச் சாமானுக்கு அவர்கள் பாஷையில் அப்படிப் பேர்.

"சார், இது என்ன பண்ணுச்சு? அடி வாங்குனவன் இதுல ஒக்காந்திருந்தான், அம்புட்டுத்தான்."

"ரத்தம் உண்டல்லோ. கேஸ் கழியட்டே, தராம்."

ஸ்டேஷனில் தொண்டிச் சாமான் வைக்கும் அறை ஒழுகியதாம். நாற்காலியை எஸ்.ஐ.யின் ஜன்னலோரம் போட்டார்கள். இரண்டு நாள் கழித்து ஏசுதாஸ் என்ற போலீஸ்காரர் கடைக்கு வந்தார். "எஸ்.ஐ. கூப்பிடுறாருண்ணே. சவரப் பொட்டியையும் எடுத்துட்டு வாங்க."

போய்ப் பார்த்தால், கழுத்தில் துண்டோடு தொண்டியில் சாய்ந்திருக்கிறார் எஸ்.ஐ. வழக்குக்கு முக்கியமான அந்த ரத்தத்தை யாரோ சோப்புப் போட்டுச் சுத்தமாகக் கழுவியிருந்தார்கள்.

ஆளைக் குளிரவைத்தால் நாற்காலி வந்துவிடும் என்று சங்கையா கணக்குப் போட்டார். இரண்டு தரம் வழித்து, படிகாரம் தேய்த்து, தலையையும் பிடித்துவிட்டார். மறுநாளும் கூப்பிட ஆள் வந்தது. அப்புறம் தினமும். போலீஸ்காரர்களும் வரிசை கட்டினார்கள். ஸ்டேஷன் முழுக்கக் கன்னம் பளபளத்தது, நாற்காலி அசையவில்லை.

இங்கே கடையில், பெஞ்சில் கழுத்து வலிக்க உட்கார எவனும் தயாரில்லை. கங்காணியிடமிருந்து சேதி வந்தது: "நாற்காலி போயிருச்சாமே. ஞாயித்துக்கிழமை லயத்துக்கு வரச் சொல்லுங்கலே அவன." அதைக் கேட்ட பிறகும் மறுநாள் காலையில் சங்கையா பெட்டியோடு ஸ்டேஷனுக்குத்தான் நடந்தார்.

மனைவி சுருளியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "நீ இப்பிடிச் சொகமா வழிச்சுவிட்டா எவன்யா குடுப்பான்? கன்னத்துல ரெண்டு கீறு விட்டிருந்தா, என்னிக்கோ நாற்காலியத் தெருவுல தூக்கிப் போட்டிருப்பான்" என்றாள். இவ்வளவு நாளும் தன் கைவேலையே தனக்கு எதிரியாக இருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மறுநாள் பஸ் ஏறிக் கோர்ட்டுக்குப் போய், வக்கீல் குமாஸ்தா பஞ்சாபகேசனைப் பிடித்தார். கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"பிடிக்கறதுக்குத்தான் போலீஸுக்கு அதிகாரம், சங்கையா. அதுல சாஞ்சுண்டு ஷேவ் பண்ணிக்கறதுக்கு இல்லையாக்கும். கேஸ் முடியறவரைக்கும் சாமான் ஆர் கையில இருக்கணும்னு சொல்றது மஜிஸ்ட்ரேட். ஒரு மனு குடுத்துடலாம், கேட்டியோ."

மனு கூப்பிடப்பட்டது. மஜிஸ்ட்ரேட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஷேவ் செய்ய நாற்காலி கட்டாயமா? முன்னே நீ தரையில் உட்கார்ந்து செய்யலையா?"

குமாஸ்தா கற்பித்து அனுப்பிய பதிலெல்லாம் சங்கையாவுக்கு மறந்துபோனது.

"செஞ்சேங்கய்யா. பாதி ஆயுசு குந்தியே செஞ்சேன். முட்டி போச்சு, அது போகட்டும். குந்தியிருந்தா என்னய 'ஏலே'ம்பாக. நின்னுக்கிட்டுச் செஞ்சா சங்கையாம்பாக. நாற்காலியக் குடுத்திருங்கய்யா."

கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை. கேட்கிறபோது அப்படியே கொண்டுவந்து நிறுத்த வேண்டும், விற்கவோ மாற்றவோ கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு, நாற்காலியை அவரிடம் விடச் சொல்லி உத்தரவு போட்டார் மஜிஸ்ட்ரேட்.

மறுநாள் காலையில் சங்கையா உத்தரவோடு ஸ்டேஷனுக்குப் போனார். எஸ்.ஐ. நாற்காலியில் சாய்ந்தபடியே அதைப் படித்தார். கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"செரி. இன்னத்த ஷேவ் கழிஞ்சு எடுத்தோ." இன்றைய சவரத்தை முடித்துவிட்டு எடுத்துக்கொள்ளலாமாம்.

சங்கையாவுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் கை வெறுங்கை. வேண்டுமென்றேதான் அப்படி வந்திருந்தார்.

"பொட்டி கடையில இருக்கு சார். எந்திரிங்க, நாற்காலியத் தூக்கணும். சவரம்னா கடைக்கு வாங்க. ஒங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரு காத்திருக்காக."

எஸ்.ஐ. அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.