வெர்னா விளக்கு வைத்த சதுப்பு

வெர்னா டக்வெல்லுக்கு மன்னிக்க வராது. சிலருக்குப் பாட வராது, சிலருக்குச் சமைக்க வராது, அதுபோல. அவளும் நானும் குயின்ஸ்டவுனில் ஒரு மோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறோம். படுக்கை விரிப்பை மடிக்க ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நிற்க வேண்டும். அதனால் அவள் முகம் எனக்கு மனப்பாடம்.

டாஸ்மேனியாவில் எங்கள் பக்கம் மழை லேசில் விடாது. வெளியே போக முடியாத ஊர் என்ன செய்யும்? கட்டைகளை அடுக்கிக் கட்டும் வீடியோ கேமில் எங்களுக்கென்று ஓர் உலகம் வைத்திருக்கிறோம். புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் பவுல்ஸ் கிளப்பின் கம்ப்யூட்டரில் அதைக் காலின் பிரம்பி நடத்துகிறார். வருடத்துக்கொரு நாள் கிளப்பின் பெரிய திரையில் எல்லோரும் பார்க்க அந்த உலகத்தைச் சுற்றி வந்து, நல்ல வேலைக்கு நீல ரிப்பன் கொடுப்பார். சட்டம் ஒன்றே ஒன்று: அடுத்தவர் பெயரில் இருக்கும் கட்டையைத் தொடக் கூடாது.

முழங்கால் ஆபரேஷன் ஆகி வீட்டில் கிடந்தபோது வெர்னா அங்கே குன்றின்மேல் ஒரு மரமண்டபம் எழுப்பினாள். ஒவ்வொரு உத்தரமும் அவள் கை வேலை. புருஷன் லெஸ் எப்போதாவது மண் அள்ளிப் போடுவான். ஆனால் இடம் அவன் பெயரில் பதிவாகியிருந்தது. அவன் வெர்னாவை விட்டு ஷெரில் என்பவளோடு போனான், மண்டபமும் அவனோடு போயிற்று. வாசலில் பலகை மாட்டினார்கள்: 'கட்டியது லெஸ், ஷெரில்.' அவன் வீட்டை விட்டுப் போனதைக்கூட வெர்னா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பலகைதான் அவளை எரித்தது.

கிளப்புக்குப் போய்க் காலினிடம் நியாயம் கேட்டாள்.

"பதிவுல அவன் பேருதானே இருக்கு வெர்னா, நான் என்ன பண்ணட்டும்? மண்டபத்துக்குப் பின்னாடி சதுப்பு சும்மாதான் கிடக்கு. வேணும்னா அதை எடுத்துக்கோ."

பியர் கிளாஸோடு நின்ற லெஸ் சும்மா இருந்திருக்கலாம். "ரொம்பப் பொருத்தம்! ரெண்டுமே எப்பவும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டிருக்கும்," என்றான். கிளப் முழுக்கச் சிரிப்பு. வெர்னா சிரித்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

சதுப்பு உண்மையிலேயே அழுமூஞ்சி இடம்தான். கறுப்புத் தண்ணீர், கொடி தொங்கும் மரங்கள், கீழே குகைகள். அந்த உலகத்தில் இருட்டு இருந்தால் பூதம் முளைக்கும். கிட்டே வந்து வெடிக்கிற பச்சைப் பூதம்தான் மோசம். ஒரு வட்டாரத்துக்கு இத்தனை பூதம் என்று அளவு உண்டு, இருட்டு எங்கே இருக்கிறதோ அங்கே அவை பங்கு போட்டுக்கொண்டு முளைக்கும்.

ஒருநாள் விரிப்பு மடிக்கும்போது வெர்னா சிரித்தாள். எனக்குப் பயமாகிவிட்டது.

"மண்டபத்து ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன்டி. அரண்மனை மாதிரி வெறுந்தரை பளபளக்கணும்னு அந்த ஷெரில் கம்பளத்தையெல்லாம் பிடுங்கிட்டா. கம்பளம் வழியா வெளிச்சம் வர்ற மாதிரி அடியில நான் மறைச்சு வச்ச விளக்கையும் சேர்த்து. இப்ப உள்ளே ஒரே இருட்டு."

"அப்போ உள்ளே பூதம் வரணுமே?"

"எப்படி வரும்? எல்லாம் என் சதுப்புலயும் குகையிலயும் குடியிருக்கு. நான் காலி பண்ணச் சொல்லப்போறேன்."

அன்றிலிருந்து சதுப்பை அலங்கரித்தாள். கொடிகளை வெட்டி வெயில் இறங்க வழி செய்தாள். தண்ணீருக்கடியில் விளக்கு, அல்லி இலைக்கடியில் விளக்கு. வெளிர்மரத்தில் நடைபாலம் போட்டு, இருபுறமும் மஞ்சள் பூ நட்டாள். யாரும் பார்க்காத குகைகளில்கூட ஒரு மூலை விடாமல் விளக்கு வைத்தாள். அத்தனை அழகையும் பல்லைக் கடித்துக்கொண்டே செய்தாள். பார்க்கிற எனக்கே அந்தப் பூக்கள் பயமாக இருந்தன.

ரிப்பன் நாளன்று கிளப்பில் நிற்க இடமில்லை. காலின் முதலில் சதுப்புக்குப் போனார். திரை பொன்னாக மின்னியது. சாசேஜ் ரோலைக் கடிக்க வாயைத் திறந்தவர்கள் அப்படியே பார்த்தார்கள். அவர் அங்கே உலவிய நேரத்தில், வெட்டவெளியெல்லாம் பகலாக இருக்க, வட்டாரத்தில் இருட்டு மிச்சமிருந்தது லெஸ்ஸின் மண்டபத்தில் மட்டும்தான்.

காலின் மண்டபக் கதவைத் திறந்ததும் பச்சைப் பூதங்கள் கூட்டமாகத் திரும்பிப் பார்த்தன. முதல் வெடியில் வாசல் பலகை போயிற்று. அடுத்ததில் பக்கச்சுவர்.

"என்ன லெஸ் இது, உள்ளே ஒரு விளக்குகூட இல்லை?" என்று காலின் கத்தினார்.

"இருந்துச்சு! கம்பளத்துக்கு அடியில என்னவோ கிடந்துச்சு. குப்பைன்னு எடுத்துப் போட்டோம்."

காலின் மெல்லக் கேட்டார். "நீ கட்டினதுன்னா, அது எதுக்கு இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

இன்னொரு சுவர் வெடித்தது. லெஸ் வெர்னா பக்கம் திரும்பினான். "பார்த்துக்கிட்டே நிக்கிறியே! விளக்கைத் திரும்ப வை, வெர்னா!"

"அடுத்தவங்க கட்டையைத் தொடக்கூடாதே, லெஸ்."

"உன்னுதுதான். போதுமா? நீ கட்டினது."

"சத்தமா சொல்லு. பின்னாடி இருக்கிறவங்களுக்கும் கேக்கணும்."

சொன்னான். காலின் அங்கேயே பதிவை வெர்னா பெயருக்கு மாற்றி, நீல ரிப்பனையும் அவள் பக்கத்தில் வைத்தார். ரிப்பனை அவள் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மண்டபத்துக்குள் விளக்குகளை வைத்தாள், பூதம் முளைப்பது நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். அதன்பிறகு திரையில் கோடரியை எடுத்து, வெடிக்குத் தப்பி நின்ற சுவரை ஒவ்வொரு கட்டையாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"அதான் ஒத்துக்கிட்டேனே! ஏன் இடிக்கிற?" என்றான் லெஸ்.

"என்னுதை நான் இடிக்கிறேன். உனக்கென்ன?"

சுவரெல்லாம் போனபின்னும் கூரை அந்தரத்தில் நின்றது. அந்த உலகத்தில் அப்படித்தான், தானாக எதுவும் விழாது. ஷெரில் எப்போதோ போய்விட்டிருந்தாள். லெஸ்ஸும் மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

வெர்னா திரும்பிப் பார்க்கவேயில்லை. "உக்காரு, லெஸ். இன்னும் கூரை பாக்கி இருக்கு."