இரண்டு டோக்கன்

சந்தாபுராவில் ஒரு தனியார் பள்ளியில் யூனிஸ் சமூக அறிவியல் எடுக்கிறாள். பாடத்தை வாசித்துக் காட்டுவது அவளுக்கு ஆகாது, நடிக்க வைப்பாள். சந்தைப் பாடம் என்றால் வகுப்பே சந்தை. கிராம சபை என்றால் பெஞ்சுக்குப் பெஞ்சு வாய்ச்சண்டை. கனிமங்கள் பாடம் வந்தபோது அவளுக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது.

லாயிட் கோலார் தங்கவயலில் இருபத்தாறு வருடம் சுரங்கத்தில் இறங்கியவர். சுரங்கம் மூடிய பிறகு மகளோடு வந்துவிட்டார். அந்த வருடங்களைப் பற்றி வாயே திறக்கமாட்டார். கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டுவார். பிள்ளைகள் நடிப்பதைப் பார்த்தாவது ஒரு வார்த்தை பேசமாட்டாரா என்று யூனிஸுக்கு ஏக்கம். "சும்மா வந்து உக்காரு நைனா" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

பெஞ்சுகளின் மேல் கறுப்புத் துணி, அடியில் சுரங்கம். இறங்கும்போது ஆளுக்கொரு அட்டை டோக்கன். மேலே வந்ததும் கொடுத்துவிட்டால் பலகையில் மாட்டுவார்கள். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் உள்ளே. தங்கவயலில் தொழிலாளர் குடியிருப்பான லைனில் யூனிஸைப் போல வளர்ந்த எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த முறைதான்.

"மிஸ், தங்கமே இல்ல, சுவிங்கம்தான் ஒட்டியிருக்கு!" அடியிலிருந்து சஞ்சய் கத்தினான். வகுப்பு சிரித்தது. லாயிட்டும் சிரித்தார். யூனிஸுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

ஷிஃப்ட் முடிந்ததற்கு மணி அடித்தாள். பிள்ளைகள் தவழ்ந்து வந்தார்கள். ரக்ஷிதா இரண்டு டோக்கனை நீட்டினாள். "சௌம்யாவோடதும் நானே குடுத்துடுறேன் மிஸ். ஷூ லேஸ் கட்டுறா, பின்னாலயே வர்றா."

யூனிஸ் இரண்டையும் மாட்டினாள். பலகை நிறைந்தது.

நாற்காலி விழுந்த சத்தம். லாயிட் பாய்ந்து வந்து ஒரு டோக்கனைப் பிடுங்கினார்.

"மாட்டாதடி! ஆளு உள்ள இருக்கு! உள்ள இருக்குடி!"

மண்டியிட்டு, துணியை வாரி எறிந்து, சௌம்யாவைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். குழந்தை அலறி அழுதது. அதைவிட அதிகமாக அவர் அழுதார்.

பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு யூனிஸ் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"மதலைமுத்து என் கையிலதாம்மா குடுத்தான். 'நீ முன்னால போ, ரெண்டையும் குடுத்துரு, தோ வந்துட்டேன்'னான். குடுத்துட்டு வூட்டுக்கு வந்து தூங்கிட்டேன். கீழ பாறை வெடிச்சுது. பலகையில எல்லா டோக்கனும் இருந்துச்சு. எல்லாரும் வந்துட்டாங்கன்னு யாரும் தேடல."

"காலையில அவரு வரலன்னு தெரிஞ்சதும் சொல்லியிருக்கலாமே நைனா?"

"அடுத்தவன் டோக்கனக் குடுத்தது தெரிஞ்சா வேலை போயிடும்னு பயம். நீ கைக்குழந்தை." சட்டைக்கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவன் எவகிட்டயோ ஓடிட்டான்னு லைனே பேசுச்சு. அப்பவும் சொல்லல. மூணாம் நாளு எடுத்தாங்க. விரல்ல நகமே இல்லம்மா. தோண்டியிருக்கான்."

மதலைமுத்துவின் மனைவி ஜூடித் அத்தைதான், அம்மா இறந்த பின் யூனிஸுக்குத் தலை வாரி, சோறு கட்டிப் பள்ளிக்கு அனுப்பியவள். இன்றும் தங்கவயலில் தனியாக இருக்கிறாள்.

அன்று சாயங்காலம் ஜூடித் அத்தையே போன் செய்தாள். "என்னடி, நாடகம் எப்படி? உங்க நைனா வாயத் தொறந்தாரா?"

லாயிட் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவர் தூங்கவில்லை என்று யூனிஸுக்குத் தெரியும்.

"இல்லத்த. சும்மா பாத்துட்டு வந்துட்டாரு."

"அந்த மனுசன் அப்படித்தான். எங்க வூட்டுக்காரரு போனதுலருந்து ஆளே ஒடிஞ்சிட்டாரு. அவ்ளோ பாசம். நல்லா பாத்துக்கடி."