சனிக்கிழமை வகுப்பும் கலாவதியும், கூடவே நானும்

கலாவதி பெரிய ஆளாக வருவாள் என்று விருத்தாசலத்தில் முதலில் சொன்னவன் நான். சென்னையிலிருந்து ஆட்கள் நம் ஊரைத் தேடி வருவார்கள் என்று சொன்னவனும் நானே. சனிக்கிழமை வகுப்பு நின்று நிலைக்கும் என்றும், அவள் உடம்பைக் கவனிக்க மாட்டாள் என்றும், ஒரு நாள் இப்படி நம்மை எல்லாம் விட்டுவிட்டுப் போவாள் என்றும்கூடச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் சாட்சிக்கு இருக்கிறார்கள். கேட்காதவர்கள் என் பேச்சை நம்பினால் போதும்.

என்னைவிட ஏழு வயது இளையவள். அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன். படத்திறப்பு மலரை அச்சுக்குக் கொடுக்கிறவர்கள் அதை 'அவர்' என்று திருத்த வேண்டாம்.

சேதி வந்த காலையில் நான் பாலக்கரையில் கோதண்டத்தின் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கருவேப்பிலங்குறிச்சி செல்வி போன் செய்தாள். வகுப்புக்கு முதல் நாளிலிருந்து வருகிற பெண், கலாவதிக்கு வலது கை மாதிரி. "மாமா, அக்கா போயிட்டாங்க" என்றாள். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "இந்தத் தடவ எந்த ஊருக்கு?" என்று கேட்டேன். ஏனென்றால் அந்த வருஷம் முழுக்க அவளை யாராவது எங்காவது பேசக் கூப்பிட்டபடி இருந்தார்கள். மதுரைக்குப் போனாள், கோயம்புத்தூருக்குப் போனாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரிந்தது. அவள் ஆஸ்பத்திரியில் கிடப்பது தெரிந்தும், அன்றைக்கும் அந்த எரிச்சல்தான் முதலில் வந்தது. அந்தப் பக்கம் செல்வி அழுவது அதற்கு அப்புறம்தான் காதில் விழுந்தது.

சாவு வீட்டில் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். மாலைகளை எண்ணினேன். சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு வேன் நிறைய அவள் வகுப்புப் பெண்கள் வந்து இறங்கினார்கள். வேப்பூர் ரோட்டோரம் இட்லிக் கடை வைத்திருப்பவர்கள் அன்றைக்குக் கடையை மூடிவிட்டு வந்தார்கள். நாற்பது வருஷம் சூளை மேஸ்திரியாக இருந்தவன் நான். நெருப்பின் நிறத்தைப் பார்த்தே சூடு எத்தனை என்று சொல்லிவிடுவேன், மீட்டர்தான் தப்புக் காட்டும். அப்படிப்பட்ட எனக்கு இதில் பாதிக் கூட்டம் வருமா என்று தெருமுனையில் நின்று யோசித்தேன். கோதண்டத்திடமே கேட்டேன். "நீ இன்னிக்கே போனா தெரிஞ்சுடும் மேஸ்திரி" என்றான்.

நாங்கள் இருவரும் ஒரே பீங்கான் பட்டறையில் வேலை பார்த்தவர்கள். நான் சூளையில். அவள் அச்சுப் பிரிவில், அச்சிலிருந்து எடுத்த, இன்னும் வேகாத பச்சைக் கோப்பைகளின் ஓரத்தைச் சீவி, ஈரத் துணியால் வழித்துக் கொடுப்பாள். நம் ஊர்ப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. சூளைக்காரன் அச்சுப் பக்கம் போய் எதையும் கேட்க மாட்டான். அச்சுக்காரர்கள் சூளைப் பக்கம் வரமாட்டார்கள். சாமான் விரிசல் விட்டால் நாங்கள் அவர்களைச் சொல்வோம், அவர்கள் எங்களைச் சொல்வார்கள். இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் தைரியமாக நடந்துபோய் வந்தவள் அவள் ஒருத்திதான்.

சென்னையில் ஓர் அமைப்பு, ஊருக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து, சமூகப் புதுமை என்றும் தலைமைப் பண்பு என்றும் ஒரு வருஷப் பயிற்சி கொடுத்தது. சொந்த ஊரின் குறையைச் சொந்த ஊர்க்காரர்களே புது வழியில் தீர்க்க வேண்டும், அதற்கு முன்னால் நின்று நடத்தத் தெரிய வேண்டும், இதுதான் பாடம். நம் ஊரிலிருந்து இரண்டு பேர் நேர்காணலுக்குப் போனோம். அவளும் நானும். நான் ஒன்றரை மணி நேரம் பேசினேன். அவர்கள் அசந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்கள். அவள் பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டாள். அவளைத்தான் எடுத்தார்கள். எனக்கு வயது கூடிவிட்டது என்பதுதான் காரணம். வேறு என்ன இருக்கப்போகிறது?

திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டேன். "அப்படி என்னாத்த சொன்ன நீ?"

"எனக்குத் தெரியாததச் சொன்னேண்ணே."

"அதுக்கா எடுத்தாங்க?"

"உங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் நீங்களே சொல்லிட்டீங்களே. எனக்கு மிச்சம் அதுதான் இருந்துச்சு."



பயிற்சி முடிந்ததும் சான்றிதழை வாங்கிக்கொண்டு வேறு ஊர்க்காரர்கள் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். இவள் அந்தச் சென்னைக்காரர்களிடம், "எங்க ஊருப் பொண்ணுங்க ரெண்டு பஸ்ஸு மாறி இங்க வர முடியாது. வூட்ல விடவும் மாட்டாங்க. நீங்க சொல்லிக் குடுத்தத நான் அங்க வச்சுச் சொல்லிக் குடுக்கறேன், வருஷத்துக்கு ரெண்டு தடவ நீங்க வந்து பாருங்க" என்று கேட்டிருக்கிறாள். தொழிற்பேட்டையில் பூட்டிக் கிடந்த ஒரு கொட்டகையைக் கேட்டு வாங்கி, சனிக்கிழமைதோறும் வகுப்பு வைத்தாள். கொட்டகை கேட்கும்போது நானும் கூட இருந்தேன். பாதி நான் வாங்கிக் கொடுத்தது என்றே வைத்துக்கொள்ளலாம்.

அந்த வகுப்பை நடத்த அவள் ஒரு முறை வைத்திருந்தாள். சென்னையில் அது கிடையாது, அவளே யோசித்தது. உள்ளே நுழையும்போது ஆளுக்கு மூன்று மண் உருண்டை கொடுப்பாள். ஒரு தடவை பேசினால் ஓர் உருண்டையைத் தட்டில் போட வேண்டும். மூன்றும் தீர்ந்தால் அன்றைக்கு வாயைத் திறக்கக் கூடாது. கையில் உருண்டை மிச்சம் வைத்திருக்கிறவர்கள் பேசாமல் வீட்டுக்குப் போகக் கூடாது. "பேசறவங்கள எண்ணாதீங்க, பேசாதவங்கள எண்ணுங்க" என்பாள்.

என் மூன்றும் பிரார்த்தனை முடிவதற்குள் தீர்ந்துவிடும். ஒரு நாள் வீட்டிலிருந்தே மண் பிசைந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். நாலாவது உருண்டையைப் போட்டதும் அவள் எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

"இது நம்ம பட்டற மண்ணு இல்லியேண்ணே. உங்க தெரு வாய்க்கா மண்ணு மாதிரி இருக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாயங்காலம் வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அன்றைக்குத்தான் செல்வி முதல் முதலாகச் சொந்தமாக ஒரு யோசனை சொன்னாள். மணிமுத்தாற்றில் காகிதக் கப் அடைத்துக் கிடக்கிறது, டீக்கடைகளுக்கு நாமே பீங்கான் டம்ளர் செய்து கொடுத்து, கழுவித் தருகிற வேலையையும் பெண்களே எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்டாள். அந்த யோசனைக்குக் காரணம் என் மௌனம் என்பதை யாரும் எங்கும் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

டம்ளர் சங்கதி உங்களில் பலருக்குத் தெரியும். அச்சு எடுக்கும் பொறுப்பை நான் கேட்டு வாங்கினேன். கோதண்டம் கடைக் கண்ணாடி டம்ளர் ஒன்றைக் கொண்டுபோய் அதே அளவுக்கு அச்சு எடுத்தேன். பச்சை மண் சூளையில் வெந்து வரும்போது சுருங்கும் என்பது நம் ஊரில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். அதனால் அச்சைப் பெரிதாக எடுக்க வேண்டும். எவ்வளவு பெரிதாக என்பது அச்சுக்காரர்கள் கணக்கு. சூளை மேஸ்திரி போய் அச்சுக்காரனிடம் அளவு கேட்பதா? "அச்சு அளவு பாத்துட்டீங்களாண்ணே?" என்று கலாவதி கேட்டாள். "கண்ணாலயே பாத்துட்டேன், போ" என்றேன்.

சென்னைக்காரர்கள் வந்து உட்கார்ந்திருந்த நாளில் சூளையைத் திறந்தோம். கோதண்டம் ஒரு டம்ளரை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"என்னா மேஸ்திரி, டீ குடிக்கவா, கண்ணுக்கு மருந்து ஊத்தவா?"

அன்றைக்கு மண்ணும் சரியில்லை. ஆனாலும் தப்பு என்னுடையதுதான். நான் வாயைத் திறப்பதற்குள் கலாவதி எழுந்து நின்றாள். "நான் அவர ஒரு தடவ கேட்டேன். திரும்பக் கேக்காம விட்டுட்டேன். கேக்கறது என் வேல. தப்பு என்னுதுங்க" என்றாள். சென்னையிலிருந்து வந்திருந்த அம்மா கை தட்டினார். இதுதான் தலைமைப் பண்பு என்று நோட்டில் எழுதிக்கொண்டார். தப்பு செய்தது நான், கைதட்டு அவளுக்கு. அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் அவள் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள். ஒரு இடத்திலும் என் பெயரைச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றினாளாம். என் பெயரைச் சொல்லியிருக்கலாமே என்றுதான் எனக்கு இருந்தது.

அடுத்த சூளையில் சரியான அளவு வந்தது. அச்சுப் பிரிவில் போய் நான் அளவு கேட்டுக்கொண்டு வந்தேன். கூட வந்து வாசலில் நின்றது அவள்.

போன மாசி மாதம் அவளைப் புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். அங்கே நடந்ததைக் கருமாதி அன்று எல்லார் முன்னாலும் சொன்னேன். வகுப்பை இனி யார் நடத்துவது என்று கேள்வி வந்தபோது சொன்னேன். "என் கையப் புடிச்சுக்கிட்டு, அண்ணே, வகுப்ப நீங்கதான் பாத்துக்கணும்னு சொன்னா" என்றேன். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்ததையும், நர்ஸ்கூட அழுததையும் சொன்னேன். கேட்டவர்கள் எல்லாரும் அழுதார்கள். செல்விதான் முதலில் எழுந்து வந்தாள். கொட்டகைச் சாவியை என்னிடம் நீட்டினாள்.

"அக்காவே சொல்லிட்டாங்கன்னா சரிதான் மாமா."

முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. படத்திறப்பு அன்று மேடையில் முறைப்படி என்னை அறிவிப்பது என்று முடிவாயிற்று. அதற்காகத்தான் இந்த மலரின் முதல் பக்கத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

சென்ற சனிக்கிழமை வகுப்பை நான் நடத்தினேன். உருண்டை வேண்டாம், எல்லாரும் தாராளமாகப் பேசலாம் என்றேன். இரண்டு மணி நேரம் போயிற்று. அருமையாகப் பேசினேன், அதில் சந்தேகமில்லை. முடிவில் வேப்பூர் இட்லிக் கடை அம்மா எழுந்தார். நெடுஞ்சாலையில் கடை போட்டிருக்கும் பெண்களுக்கு ஒரு கழிவறை இல்லை, பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நிற்கிறோம், எங்கே யாரிடமிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. எனக்குத் தெரியாது என்று சொல்லவும் தெரியவில்லை. கொட்டகையில் இருந்த அத்தனை முகமும் பின்வரிசைப் பக்கம் திரும்பியது. அங்கே செல்வி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பதில் தெரியும், நோட்டைக்கூட விரித்து வைத்திருந்தாள். ஆனால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

"அடுத்த வாரம் பாக்கலாம்மா" என்றேன். அந்த அம்மா உட்கார்ந்தார்.

கலாவதி மேல் எனக்கு இருந்த பொறாமை அவளோடு போய்விடும் என்று நினைத்திருந்தேன். அந்தப் பெண்ணைப் பார்த்ததும் அது அப்படியே அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. இடம் மாறியதே தவிர பொறாமை மாறவில்லை.

படத்திறப்புக்கு வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மேடைக்கு எதிரே உட்காருங்கள். புதுச்சேரியில் கலாவதி என் கையைப் பிடிக்கவில்லை. இரண்டு கையிலும் ஊசி குத்தியிருந்தது, எதைப் பிடிப்பாள்? நர்ஸ் அழவில்லை. நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவள் சொல்லவே இல்லை. அது நான் பஸ்ஸில் திரும்பி வரும்போது கட்டிய கதை.

அவள் சொன்னது இது.

"வகுப்ப செல்வி பாத்துக்கட்டும்ணே. அவகிட்ட நான் சொன்னா வேணாம்னு அழுவா. நீங்க ஊர்ல சொல்லிடுங்க. நீங்க சொன்னாத்தான் நாலு ஊருக்கும் போய்ச் சேரும்."

அவள் என்னிடம் கேட்டுவிட்டுப் போனது இந்த ஒன்றுதான். எனக்கென்று வைத்துக்கொள்ள அவளிடமிருந்து வேறெதுவும் இல்லை. செல்வி, சாவியைக் கோதண்டம் கடையில் கொடுத்திருக்கிறேன், வாங்கிக்கொள்.