வராத பித்தளைக் கோது

'இல்லை' என்ற சொல் மஜீடின் வாய்க்கு ஹராம். கொட்டாஞ்சேனையில் லைசன்ஸோடு துப்பாக்கி விற்கும் ஒரு துவக்குக் கடையில், தாடி கறுப்பாக இருந்த காலத்தில் சேர்ந்தவர். அது பஞ்சாக வெளுத்த பிறகும் அதே கவுண்டரில்தான் நிற்கிறார். காலையில் வரும் முதல் ஆளிடம் 'இல்லை' சொன்னால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்று வாப்பா பழக்கியது. மனுசன் முதல் ஆளோடு நிறுத்தினாரா? வருகிற எல்லாரிடமும் ஒரே பாட்டுத்தான். "வரும் சேர், வரும்."

அவரிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பழைய ரைபிள் வைத்திருக்கும் வயோதிபர்கள். அவற்றுக்கு ஆயத்தத் தோட்டா ரவை எங்கேயும் கிடையாது. தோட்டாவின் கூடான வெறும் பித்தளைக் கோதை வாங்கி, அதில் வெடிமருந்தும் ஈயமும் அடைத்துச் சுட வேண்டும். சுட்ட கோதையே மறுபடி அடைக்கலாம், அதன் வாய் வெடிக்கும் வரைக்கும். வெடித்தால் வெளிநாட்டுக் கம்பனிக்கு எழுத வேண்டியதுதான். வழக்கமான அளவு கப்பலில் வந்துவிடும். யாரும் கேட்காத அளவென்றால், போதிய ஓடர் சேர்ந்தால்தான் மெஷினைத் திருப்புவார்கள். அதுவரைக்கும் 'பேக் ஓடர்'. அதற்குள் எத்தனை பேர் கிழடு தட்டிப் போனார்கள், தெரியுமா!

வெள்ளவத்தை நாகேந்திரம் அப்படி ஒருவர். யாழ்ப்பாணத்துக்காரர், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் துரையாக இருந்தவர். அவருடைய அந்தக் காலத்து ரைபிள், கடையின் இரும்பு அறையில் கிடந்தது. துவக்குச் சுடும் கழகத்தின் இலக்குப் பலகையில் கடைசியாக ஒருதரம் சுட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. கோது வந்ததோ என்று முதலில் பஸ்ஸில் வந்து கேட்டார். கால் ஏலாமல் போனதும் ஃபோனில் கேட்டார். அந்த அளவையே கைவிட்டுவிட்டோம் என்று கம்பனி எழுதிய அன்றும் கேட்டார்.

"வரும் சேர். வார வரைக்கும் எங்கயும் போயிடாதீங்கொ, நானே கொணந்து தாறன்" என்று மஜீட் பகிடியாகச் சொல்லி வைத்தார்.

போன மாதம் நாகேந்திரத்தின் மகள் மிதுனா கடைக்கு வந்தாள். தூங்காத முகம்.

"மஜீட் நானா, அப்பாவுக்குச் சீவன் போகுதில்லை."

"அப்பிடிச் சொல்லாதீங்கொ மகள்."

"டொக்டர் கைவிட்டிட்டார். தண்ணியும் இறங்கேல்லை. உடம்பு சில்லிட்டுப் போச்சு. ஆனா வாசல் பெல் அடிச்சா கண் திறக்கிறார். 'மஜீட் வந்திட்டாரோ' எண்டு கேக்கிறார்."

ஆசை கிடந்தால் சீவன் இழுத்துக்கொண்டு கிடக்கும் என்று சொந்தக்காரர் சொன்னார்களாம். வேறு அளவுக் கோது ஒன்றைத் தேடிப் பிடித்துக் கையில் வைத்தார்களாம். கிழவர் அதன் வாயைப் பெருவிரலால் தடவிவிட்டுக் கீழே போட்டாராம்.

"நீங்கள் வந்து, அந்தக் கோது இனி வராது எண்டு சொல்லுங்கோ. உங்கட வாயாலை கேட்டாத்தான் நம்புவார்."

மஜீடுக்கு ஒரே பயம். அந்தச் சொல்லைச் சொல்லி, அதோடு மனுசன் போய்விட்டால்? தன் வாயால் ஒரு உயிரை எடுத்த மாதிரி ஆகாதா? வீட்டுக்குப் போய் மனைவி ஸமீமாவிடம் புலம்பினார்.

"உசுரு அல்லாஹ்ட கையில. ஒங்கட கையில உள்ளது உண்மை மட்டும்தான். போய்ச் சொல்லிட்டு வாங்கொ" என்றாள் அவள்.

மறுநாள் மத்தியானம் வெள்ளவத்தை மாடி வீட்டுக்குப் படியேறிப் போனார். வெளியே வெயில் கொளுத்தியது. கிழவரின் அறைக்குள் மட்டும், ஃபேன் ஓடாமலே, கால் விரல்கள் விறைத்தன. நாகேந்திரம் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். நெஞ்சு ஏறி இறங்குவதாகத் தெரியவில்லை.

"வந்ததோ?"

குரல் தெளிவாக வந்தது. உதடு அசைந்ததை மஜீட் காணவில்லை. பழக்க தோஷம், 'வரு' என்று நாக்கு புரண்டுவிட்டது. மிதுனா மஜீடின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"இல்ல சேர்" என்றார் மஜீட். "வராது. கம்பனியே நிப்பாட்டிட்டாங்க. இனி வரவே வராது."

கிழவருக்குக் கோபம் வரவில்லை. இழுத்துப் பிடித்திருந்த முகம் தளர்ந்தது. மஜீடின் தோளுக்கு அப்பால், வாசலைப் பார்த்தார்.

"அவைக்கும் சொல்லிவிடும்."

"ஆருக்கு சேர்?"

"உமக்குப் பின்னாலை நிக்கினமே. பாவங்கள், எவ்வளவு காலமா நிக்குதுகள்."

அதோடு கண் செருகியது. மிதுனா கட்டிலோரம் சரிந்து உட்கார்ந்து, அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மஜீடுக்கு ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். தெஹிவளை ஷரீப் ஹாஜியாருக்கும் 'வரும்' என்றுதான் சொன்னார், பிறகு அவருடைய ஜனாஸா அடக்கத்துக்கும் போனார். கொச்சிக்கடை வலன்ரைனுக்கும் அதே சொல்தான், அவர் சவப்பெட்டிக்குப் பின்னாலும் நடந்தார். இன்னும் எத்தனை பேர்!

முதுகுக்குப் பின்னால் யாரோ மெல்லத் தொண்டையைச் செருமினார்கள், கவுண்டரில் காத்து நிற்கிறவர்கள் செருமுவது போல.

திரும்பிப் பார்க்க மஜீடுக்குத் தைரியம் வரவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஷரீப் ஹாஜியார்," என்றார், "ஒங்கடயும் வராது."

படிக்கட்டில் ஒரு செருப்புச் சத்தம் நிதானமாக இறங்கிப் போனது. மஜீட் அடுத்த பெயரைச் சொன்னார்.