எதிர் வீட்டுச் சோபா

நான் ஐந்தாவது வரை படித்தவள். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக் கிழங்கு தோல் உரிக்கிறேன். வீட்டுக்காரர் போர்வெல் வண்டியில் வடக்கே வேலைக்குப் போயிருக்கிறார். ஒரே மகள். நர்சிங் காலேஜில் முதல் வருஷம் முடித்திருந்தாள். இரண்டாம் வருஷ ஃபீஸ் கட்ட வழியில்லை.

சேலத்தில் ஒரு கம்பெனி. படிக்கிற பிள்ளைகளுக்குக் கடன் கொடுப்பது அதன் தொழில். லாபத்தில் கொஞ்சம் எடுத்து அறக்கட்டளை வைத்து, வசதியில்லாத பிள்ளைகளுக்குச் சும்மாவும் ஃபீஸ் கட்டுகிறது. மகள் போனிலேயே மனு போட்டாள். மார்க் இருந்தது. வியாழக்கிழமை வீட்டை வந்து பார்ப்போம் என்று பதில் வந்தது.

வீட்டுக்காரர் போனில் சத்தம் போட்டார். "வட்டிக்கு உடறவன் சும்மா குடுப்பானாக்கும்? எங்கியாவது கையெழுத்தப் போட்டுத் தொலைச்சறாத."

"மூணு வாட்டி படிச்சுப் பாத்தாச்சு. திருப்பிக் கட்ட வேண்டியதில்லைங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எங்கள் சந்தில் ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டுக்கு வெளியாள் வந்தாலும் சந்தே சாமான் கொடுக்கும். பெண் பார்க்க வந்தாலும் சரி, துக்கம் கேட்க வந்தாலும் சரி. எதிர் வீட்டு அக்கா தறி வைத்திருக்கிறாள். அவள் வீட்டுச் சோபாவை நாலு பெண்கள் தூக்கி வந்தோம். வாசலில் இடித்தது. சாய்த்து உள்ளே தள்ளினோம். இன்னொரு வீட்டு டிவி வந்தது. அக்கா தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள்.

"மஞ்சக் கவுத்தோட நின்னா வாரவிங்க என்ன நெனைப்பாங்க? போட்டுக்க."

எனக்கும் அதில் தப்பு தெரியவில்லை.

கம்பெனியிலிருந்து வந்தது ஒரு சின்னப் பெண். சோபாவில் உட்கார்ந்து, வாங்கி வைத்த கலர் சோடா குடித்தாள். படம் எடுத்தாள். நல்லபடியாகத்தான் பேசிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் செய்தி வந்தது. குடும்ப நிலை மனுவில் சொன்னதோடு பொருந்தவில்லை, நிராகரிக்கப்பட்டது.

மகள் அழவில்லை. "அவங்க நம்ம ஊட்டப் பாக்க வந்தாங்கம்மா. நீ அக்கா ஊட்டக் காட்டிட்ட" என்றாள்.

அன்று வியாழன். திங்கட்கிழமை ஃபீஸ் கட்டக் கடைசி நாள். வெள்ளிக்கிழமை காலையில் என் வேலைக்கு மகளை அனுப்பிவிட்டுச் சேலம் பஸ் ஏறினேன். அக்காவும் ஏறினாள். "குத்தவாளி எங்கூட்டுச் சோபாதான? சாட்சிக்கு நானும் வாரேன்."

ஆபீசில் அதே பெண் இருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"எல்லாம் எரவலுங்களா? ஏம்மா எங்ககிட்டப் பொய்யக் காட்டுனீங்க?"

"பொய் இல்லைங்க. வந்தவங்களுக்கு மரியாதைங்க."

"சங்கிலி கூடவா?"

"அது என்றதுங்க" என்று அக்கா தன் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுக் காட்டினாள். "உங்க போன்ல இருக்கற படத்தோட ஒத்துப் பாத்துக்கங்க கண்ணு."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். உள்ளே போய் ஆபீஸ் பெரியவரைக் கேட்டு வந்தாள்.

"இன்னொரு நாள் வந்தா, இருக்கறத ஒளிச்சு வெச்சிருப்பீங்கன்னு சொல்றாருங்கம்மா."

"இன்னைக்கே வாங்க. இப்பவே."

"இப்பவே வந்தாலும் வழியில போன் பண்ணி ஒளிக்கச் சொல்லலாம்ல?"

என் போனை எடுத்து அவள் மேசையில் வைத்தேன். அக்காவைப் பார்த்தேன்.

"என்ற போனுமா?" என்று அக்கா இழுத்தாள். பிறகு வைத்தாள். "சாயங்காலம் சீரியல் நேரத்துக்குக் குடுத்துருங்க சாமி."

அந்தப் பெண் மறுபடி உள்ளே போனாள். அரை மணி நேரம் நின்றோம். கார் சாவியோடு வந்தாள்.

வீடு பூட்டியிருந்தது. திறந்துவிட்டேன். ஒரு அறை. கயிற்றில் துணி. மழை ஒழுகும் மூலையில் குண்டா. அரிசி டின்னை அவளே திறந்து பார்த்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. நகராமல் நின்றேன். உட்கார இடம் தேடிவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள்.

அக்காவால் அதைப் பார்க்க முடியவில்லை. கடைக்கு ஓடப் பார்த்தாள். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏன்டி, ஊடு தேடி வந்த புள்ளைக்கு ஒரு கலர் கூட இல்லாமயா?"

"இல்லாமத்தான்."

தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள்.

அன்றைக்குப் பார்த்தது இரவல் சாமான், எங்களுடையது அல்ல என்று எழுதித் தர வேண்டும் என்றாள். அக்கா பேனாவுக்குக் கை நீட்டினாள். அவள் பத்தாவது படித்தவள்.

"நானே எழுதறேன்" என்றேன்.

கையெழுத்துத் தவிர வேறு எதுவும் எழுதிப் பல வருஷம் ஆகியிருந்தது. ஒவ்வொரு எழுத்தாக வைத்தேன். ஒரு வரி கோணலாகக் கீழே இறங்கிவிட்டது. வேறு தாள் வாங்கி முதலிலிருந்து எழுதினேன். அந்தப் பெண் அவசரப்படுத்தவில்லை.

"கண்டிப்பாக் கெடைக்கும்னு சொல்ல முடியாதுங்கம்மா" என்றாள் போகும்போது, எங்கள் போன்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு.

"தெரியுதுங்க. நேர்ல சொல்லோணும்னா திங்கக்கெழம காத்தாலயே வாரேன்."

"வர வேண்டாங்கம்மா. நான் பேசறேன்."

சனி போனது. ஞாயிறு போனது. செய்தி இல்லை. திங்கட்கிழமை மகளைக் காலேஜுக்கு அனுப்பினேன். "கட்டலையே, எப்படிம்மா உள்ள உடுவாங்க?" என்றாள். "ஆபீஸ் வாசல்ல நில்லு. கடைசி நேரம் வரைக்கும் நில்லு" என்றேன்.

மத்தியானம் ஆலைக்குப் போன் செய்தாள். கம்பெனியிலிருந்து நேராகக் காலேஜுக்குக் கட்டிவிட்டார்களாம். ரசீது போட்டுவிட்டார்களாம்.

"சரி, கிளாசுக்குப் போ" என்றேன். கிழங்கு லோடு வந்து நின்றிருந்தது. போய் உட்கார்ந்தேன்.