துடைப்பம் என்ற பொடிசு

யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது, ஆனால் அதைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரரே உதட்டைப் பிதுக்குவார். எல்லோருக்கும் அவன் பொடிசுக்காரன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்டிரைவ் இருக்கும், அதற்குள் சின்னச் சின்ன நிரல்கள். ஒவ்வொன்றையும் அவன் பொடிசு என்றுதான் சொல்வான்.

ஒரே படம் நாலு இடத்தில் கிடந்தால் கண்டுபிடிக்க ஒரு பொடிசு. நூறு படங்களுக்கு ஒரே மூச்சில் பெயர் மாற்ற இன்னொன்று. பெரிய ஃபைலைச் சுருக்க ஒன்று. "பெரிய சாப்ட்வேர் எல்லாம் யானையைக் கட்டித் தீனி போடற மாதிரிங்க. நம்ம பொடிசுங்க தின்னுறதும் தெரியாது, வேலை செய்யறதும் தெரியாது" என்பான். தெரியாமல் வேலை செய்வதைப் பெரிய குணமாக அவன் நினைத்தான். கேட்டவர்களும் அப்படியே நினைத்துத் தலையாட்டினார்கள், பாவம்.

அவனே உட்கார்ந்து எழுதிய பொடிசு ஒன்று உண்டு. அதன் பெயர் துடைப்பம். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் பெரும்பாலான வீடுகளில் குப்பைத் தொட்டி கெட்டது போங்கள். பழைய மின்கட்டண ரசீது, யாரோ அனுப்பிய பூங்கொத்துப் படம், ஒரே விண்ணப்பம் ஏழெட்டுத் தடவை. துடைப்பம் வாராவாரம் வெள்ளிக்கிழமை மதியம் அந்த ஃபோல்டரைப் பெருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் கிடக்கும் எதையும் விட்டுவைக்காது. ரீசைக்கிள் பின்னுக்குக்கூட அனுப்பாமல் அடியோடு அழித்துவிடும். பிறகு, எந்த வீட்டில் எவ்வளவு இடம் மீண்டது என்று அவன் போனுக்கு ஒரு செய்தி வரும். அந்தச் செய்திகளைப் படிப்பதில் அவனுக்கு அலாதி சந்தோஷம்.

போன வீட்டிலெல்லாம் துடைப்பத்தைப் போட்டுவிட்டுத்தான் வந்தான். வீட்டுக்காரர்களிடம் மட்டும் மூச்சுவிட மாட்டான். "சொன்னா பயந்துக்குவாங்க. குப்பையைக் கொட்டக்கூட உத்தரவு கேக்கணுமா?"

அவனுடைய அக்கா, அச்சகம் ஒன்றுக்காக வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்துகிறவள். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். அவளுக்காக அவன் போட்ட பொடிசு, மணிக்கு ஒரு தடவை ஓய்வெடுக்கச் சொல்வது. மணியோசைக்குப் பதிலாக அத்தான் குரலையே அதில் பதிவு செய்து வைத்தான். அத்தான் மொத்தச் சந்தையில் காய்கறி ஏலம் விடுகிறவர். அவர் வாயைத் திறந்தால் சந்தையின் மறுகோடியில் மூட்டை இறக்குகிறவன் திரும்பிப் பார்ப்பான். "ஏம்மா, இன்னுமா எந்திரிக்கலே? போ, போய்த் தண்ணி குடி!" என்று மணிக்கு ஒரு தரம் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து அவர் அதட்டுவார். அக்கா சிரித்துக்கொண்டே எழுந்து போவாள். அதே கம்ப்யூட்டரில்தான், அவளுக்குத் தெரியாமல், துடைப்பமும் இருந்தது.

அத்தானுக்குத் தொண்டை கட்டியது. கத்திக் கத்திக் கட்டியிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். கட்டியது விடவே இல்லை. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாள் ஒரு வழி சொன்னார். "குரல் இந்த அளவாவது இருக்கும்போதே நிறைய வாக்கியங்களைப் பேசிப் பதிவு பண்ணிக்கங்க. காயம் ஆறினதும் கொண்டு வாங்க. நீங்க எழுதறதை உங்க குரல்லயே போன் பேசற மாதிரி செஞ்சிடலாம். பின்னாடி பதிவு பண்ண முடியாது, இப்ப விட்டா விட்டதுதான்."

அத்தான் பின்னறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்கப் பேசினார். கதவைச் சாத்து. வலிக்குது. வெளியூரில் இருக்கும் மகளுக்காக, எப்ப வர்றே கண்ணு. கட்டிய தொண்டையைச் செருமிச் செருமி எல்லாவற்றையும் பேசி முடித்தார்.

"மாப்ளே, இனிமே உங்க அக்காவைத் திட்டணும்னாலும் போனைத்தான் தட்டணும். அதனால திட்டை மட்டும் கணீர்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றார். அக்கா அவர் தோளில் ஒன்று வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

போனில் இடமில்லை என்று அத்தான் காட்டினார். பொடிசுக்காரன் அதை வாங்கிப் பார்த்தான். "எல்லாத்தையும் அக்கா கம்ப்யூட்டருக்கு அனுப்பிட்டு இதுல அழிச்சிடுங்க அத்தான். ரெண்டு இடத்துல எதுக்கு? அங்க பத்திரமா இருக்கும்" என்று சொல்லி, அவனே அனுப்பினான், அவனே அழித்தான். போனிலிருந்து அனுப்பினால் அது டவுன்லோட்ஸில்தான் போய் விழும் என்பது அவனுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அன்று அவன் கண் முழுக்க அத்தானின் கழுத்து வீக்கத்தின் மேலேயே இருந்தது.

சர்க்கரை குறையட்டும் என்று டாக்டர்கள் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டார்கள். மறுபடியும் தள்ளிப் போட்டார்கள். அதற்குள் அத்தானின் குரல் தேய்ந்து வெறும் காற்றாகிவிட்டது. பரவாயில்லை, பதிவு இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டார்கள்.

ஆபரேஷன் நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நடைபாதை பெஞ்சில் அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். மதியம் அவன் போன் அதிர்ந்தது. அக்கா வீடு, நிறைய இடம் மீண்டது. அந்த வீட்டில் வழக்கமாக ஒரு சிட்டிகைதான் மீளும், இன்று அள்ளிக் கொட்டியிருந்தது. அந்தக் கவலையிலும் அவனுக்கு ஒரு சின்னப் பெருமை. "அக்கா, வீட்டுக்குப் போனா பாரு, உன் கம்ப்யூட்டர் பறக்கும்" என்றான். கதவையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா, எதற்கென்று தெரியாமல் தலையாட்டினாள்.

காயம் ஆறியது. ஒரு மதியம் அக்கா அவனைக் கூப்பிட்டனுப்பினாள். நாளைக்குப் பயிற்சி அம்மாளிடம் போக வேண்டும், பதிவுகளைப் பென்டிரைவில் ஏற்றித் தர வேண்டும். அத்தான் கழுத்துக் கட்டோடு, மடியில் சின்ன எழுதுபலகையோடு, பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு பரபரப்பு. சொந்தக் குரலைத் திரும்ப வாங்கப் போகிற மனிதர் அல்லவா.

அவன் டவுன்லோட்ஸைத் திறந்தான். உள்ளே, நேற்று அச்சகத்திலிருந்து வந்த ஒரே ஒரு மெய்ப்பு. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, பார்த்த மாத்திரத்தில் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"என்னடா, இருக்குல்ல?" என்றாள் அக்கா.

"இருக்குக்கா. தேடறேன்."

அழித்ததை மீட்கிற பொடிசு ஒன்றும் அவனிடம் இருந்தது. அதை ஓடவிட்டான். பதிவுகளுக்கு அத்தான் வைத்த பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் எழும்பி வந்தன. கதவைச் சாத்து, வலிக்குது, எப்ப வர்றே கண்ணு. அத்தான் அவற்றைப் பார்த்து முகம் மலர்ந்தார். அவன் ஒன்றைத் தட்டினான். சத்தமே இல்லை. அடுத்ததைத் தட்டினான். கரகரவென்று ஏதோ வந்து நின்றது. அந்த இடங்களின் மேல் வாரக்கணக்கில் வேறு என்னென்னவோ எழுதப்பட்டிருந்தது. பெயர்கள்தான் மிச்சம்.

இனி மறைத்துப் பயனில்லை. துடைப்பத்தைப் பற்றி, வெள்ளிக்கிழமையைப் பற்றி, ஆஸ்பத்திரி நடைபாதையில் வந்த செய்தியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போது அவனுக்கு அழுகை வந்தது. அக்கா அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"கேட்டிருக்கலாமேடா. ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கலாமே" என்றாள்.

அப்போது கம்ப்யூட்டர் பேசியது. "ஏம்மா, இன்னுமா எந்திரிக்கலே? போ, போய்த் தண்ணி குடி!"

பழக்க தோஷத்தில் அக்கா எழுந்து சமையலறைப் பக்கம் நடந்தாள். வாசற்படியில் நின்று, நிலையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். அத்தான் ஒலிபெருக்கியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய குரலில் இந்த உலகத்தில் மிஞ்சியது அந்த ஒரு அதட்டல்தான். ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எந்தப் பயிற்சி அம்மாளாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அத்தான் பலகையை எடுத்து மெல்ல எழுதினார். எழுதியதை அவன் பக்கம் திருப்பினார்.

இன்னும் எத்தனை வீட்ல இதை வெச்சிருக்கே?

அன்றும் வெள்ளிக்கிழமை. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது.